தொப்பியை முதலில் எடுத்தவன்

டெட்ராய்ட்
1998 அக்டோபர் 11

ஆல்வின்,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமலே விடுகிறேன்.

உன் கடிதம் வந்து ரொட்டிப் பெட்டியின் மேல் பிரிக்காமல் கிடந்தது. இன்று சர்ச் முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே பிரித்தேன். வருகிற ஜூனில் பரோல் குழு உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது, வெண்டலின் தாய் நான் நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் கதவு திறக்கும் என்று எழுதியிருக்கிறாய். வெண்டல் என்ற பெயரை எழுதும்போது உன் எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதைக் கவனித்தேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத நேரம் பிடிக்கும். பொறுத்துக்கொள், உனக்குத்தான் நேரம் நிறைய இருக்கிறதே.

உன் அம்மா லொரெய்னின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். யாராவது உனக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கூட்டம் இல்லை. பெட்டி தூக்க ஆள் போதாமல் வண்டி ஓட்டி வந்தவனை இறங்கி வரச் சொன்னார்கள். அவன் மெல்லுகிற மிட்டாயைத் துப்பாமலே தூக்கினான். மகன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ஹோசியாவின் சலூனில் அந்த நவம்பர் சனிக்கிழமை நீயும் என் மகனும் மட்டும் இருந்தீர்கள். ஹோசியா வெந்நீர்த் துண்டு எடுக்கப் பின்னறைக்குப் போயிருந்தான். வழக்கம்போல உங்களுக்குள் கூடைப்பந்துச் சண்டை. வெண்டல் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கோட்டுக்குக் கையை நீட்டினான், அதில் துப்பாக்கி இருக்கிறதென்று பயந்து சுட்டுவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னாய். உன் வக்கீல் அதையே பாட்டாகப் பாடினார். அதனால் கொலை இளைத்துப் போய், பயத்தில் நடந்த தப்பு என்று ஆனது. உன் வருஷங்களும் இளைத்தன.

கோட்டில் இருந்தது எனக்காக வாங்கிய பெப்பர்மின்ட் பொட்டலம். ஆனாலும் இன்றைக்கும் சர்ச்சில் எனக்குப் பின் வரிசையில், "அவனும் ஏதாச்சும் வச்சிருந்திருப்பான்" என்று பேசுகிறார்கள். நான் செவிடு இல்லை.

என் மகன் எதற்குக் கையை நீட்டினான்? அதைச் சொல். அப்புறம் நீ கேட்ட நாலு வரியைப் பற்றிப் பேசலாம்.

ஆர்டெல்லா மேப்ரி


சிறை
1998 நவம்பர் 2

அன்புள்ள ஆர்டெல்லா அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எங்கள் அம்மாவின் அடக்கத்துக்கு நீங்கள் போனதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குக் கோர்ட்டில் சொன்ன பதில்தான் பதில். அவன் கை கோட்டுக்குப் போனது. நான் பயந்துவிட்டேன். அந்த நாட்களில் எல்லாரும் துப்பாக்கி வைத்திருந்தோம், அவனிடமும் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, அம்மா. ஞாபகப்படுத்திப் பார்த்தால் புகை மாதிரிதான் இருக்கிறது.

உங்கள் அடுப்படியில் சோள ரொட்டி தின்று வளர்ந்தவன் நான். என்னை வெறுக்காதீர்கள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. யோசியுங்கள்.

உங்கள் பிள்ளை மாதிரி,
ஆல்வின் கெய்ன்ஸ்


டெட்ராய்ட்
1999 பிப்ரவரி 21

அன்புள்ள ஆல்வினுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். பார், இந்தத் தடவை எழுத வந்துவிட்டது.

கை விஷயத்தை விடு. புகை என்று சொல்லிவிட்டாய், புகையைப் பிடித்து நான் என்ன செய்யப் போகிறேன். வேறு ஒரு செய்தி சொல்கிறேன், சிரிப்பாய்.

ஹோசியாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. சலூன் துண்டுகளை நான்தான், வேலை செய்கிற லாண்டரியில் வெளுத்துத் தேய்த்துச் சனிக்கிழமை கொண்டு போய்க் கொடுக்கிறேன். முதலில் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே காலை வைக்க முடியவில்லை. இந்தக் குளிரில் ஒரு நாள் ஹோசியா கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிட்டான். நீங்கள் இருவரும் எதற்காக அப்படி அடித்துக்கொண்டீர்கள் என்பதை இந்த வயதில்தான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

தபால்காரன் எமெட் பாதி சவரத்தோடு கத்திக்கொண்டிருந்தான்.

"யூட்டா டீம் கார்டு ரெண்டு பேரப் பாரு! ஒருத்தன் குடுக்கறான், ஒருத்தன் போடறான். புருஷன் பொண்டாட்டி மாதிரி!"

"உன் பொண்டாட்டி எப்படா உனக்குப் பந்து குடுத்தா?" என்றான் ஹோசியா. "சோறே குடுக்கறதில்லன்னு போன வாரம் இதே நாற்காலில உக்காந்து அழுத."

"ஏம்பா, இந்தக் கார்டுன்னா யாரு?" என்று கேட்டேன். உன் சிறை வாசலில் நிற்கிறவன்தான் கார்டு என்று நினைத்திருந்தேன். கடையே சிரித்தது.

"அக்கா, அஞ்சு பேரு ஆடறாங்கல்ல," என்றான் ஹோசியா, கத்தியைத் துடைத்துக்கொண்டே. "மூணு பேரு பனைமரம். கூடைக்குக் கிட்ட நிப்பானுங்க. மத்த ரெண்டு பேருதான் கார்டு. ஒருத்தன் பந்த ஓட்டிக்கிட்டு வருவான், இன்னொருத்தன் தூரத்துல இருந்து போடுவான். ரெண்டும் ஒரே உசுரா இருக்கணும். உங்க வெண்டலும் அந்தப் பயலும் பள்ளிக்கூடத்துல இருந்த மாதிரி."

சொல்லிவிட்டுத் துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தான். அந்தப் பயல் நீதான்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறதே, வாதத்தில் ஜெயித்தவன் பெயரைச் சாக்கட்டியால் எழுதுவார்களே, அது வெறுமையாகக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். உன் சண்டைக்குப் பிறகு ஹோசியா அதில் ஒன்றும் எழுதவில்லையாம்.

"எட்டு வருஷமா இந்தக் கடையில யாருமே ஜெயிக்கல அக்கா," என்று எமெட் முறையிட்டான். "எவ்வளவு நல்லாப் பேசினாலும் பேரு ஏற மாட்டேங்குது."

"முடியாத வாதத்துக்கு மேல இன்னொண்ண எப்படிடா எழுதுவேன்?" என்றான் ஹோசியா. "நான் பின்னால இருந்தேன். எவன் ஜெயிச்சான்னு பாக்கலையே."

எனக்கும் இப்போது இதில் ருசி வந்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் டிவியில் ஆட்டம் பார்க்கிறேன். வெண்டல் எப்போதும் அந்தக் காலத்து நியூயார்க் ஜோடியைத்தான் சொல்வான், ஃப்ரேசியரும் மன்ரோவும். நீ நம் ஊர் தாமஸ், டூமார்ஸ் கட்சி. நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவன் ஏன் நியூயார்க்கைச் சொன்னான் என்று எனக்குப் புரியவே இல்லை. உன் பக்கத்தை எனக்கு விளக்கி எழுது. இங்கே எல்லாரும் கத்துகிறார்கள், ஒருவரும் விளக்குவதில்லை.

அன்புடன்,
ஆர்டெல்லா அம்மா


சிறை
1999 மார்ச் 14

என் அன்புள்ள அம்மாவுக்கு,

கீழே 'அம்மா' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தைப் பலமுறை பார்த்தேன். இங்கே என்னோடு இருப்பவனிடம்கூடக் காட்டினேன்.

கேட்டீர்களே, சொல்கிறேன். நியூயார்க் ஜோடி அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர்கள் இரண்டு ராஜாக்கள். மன்ரோ பால்டிமோரில் ராஜாவாக இருந்தவன், நியூயார்க்குக்கு வந்து கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ரேசியரோடு பந்தைப் பங்கு போட்டான். வெண்டல் இதைத்தான் பெரிதாகச் சொல்வான். "ரெண்டு பெரிய மனுஷங்க ஒரு பந்தப் பங்கு போடறதுதாண்டா ஜோடி. ஒருத்தன் பெரியவன், ஒருத்தன் எடுபிடின்னா அது ஜோடியா?" என்பான்.

டூமார்ஸை எடுபிடி என்றால் எனக்கு இரத்தம் கொதிக்கும். தாமஸ் சிரிப்பான், படம் பிடிப்பார்கள். சிகாகோ அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் என்ற புயல் வரும்போது அதன் முன்னால் போய் நின்றது யார்? டூமார்ஸ். வாயைத் திறக்க மாட்டான். எண்பத்தொன்பதில் கோப்பை வந்தபோது இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரன் என்று யாரைச் சொன்னார்கள்? அவனைத்தான். அடுத்த வருஷம் போர்ட்லண்டில் இறுதிப் போட்டி நடக்கும்போது அவன் தகப்பன் இறந்துவிட்டார். செய்தி வெளியே காத்திருந்தது. அவன் உள்ளே முப்பத்து மூன்று புள்ளி போட்டான். ஆட்டம் முடிந்துதான் சொன்னார்கள். அவனைப் போய் எடுபிடி என்கிறதா?

பள்ளிக்கூடத்தில் எங்களை 'வெண்டல்-ஆல்வின்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆல்வின்-வெண்டல் என்று ஒருவர் வாயிலும் ஒரு நாளும் வந்ததில்லை. அவன் பந்தை ஓட்டி வருவான், கூட்டம் எழுந்து நிற்கும். எதிராளியின் பெரிய ஆட்டக்காரனை நான் கட்டிப் போட்டிருப்பேன், அது யார் கண்ணிலும் படாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சும்மா சொல்கிறேன்.

நீங்கள் இதெல்லாம் கேட்பதில் இங்கே எனக்கு நாள் போவதே தெரியவில்லை. ஜூன் விஷயத்தை நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பிள்ளை,
ஆல்வின்


டெட்ராய்ட்
1999 ஏப்ரல் 18

அன்புள்ள ஆல்வினுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சலூனில் எமெட்டை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தபால்காரன், நன்றாகப் படிப்பான். நீ நன்றாக வாதாடுகிறாய் என்று எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள்.

அந்த டூமார்ஸின் தகப்பன் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் அப்படித்தான். என் மகன் சலூன் தரையில் கிடந்த நேரம் நான் லாண்டரியில் யாரோ ஒரு டாக்டரின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வைக்காரி செய்தியை வைத்துக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை காத்திருந்தாள். அன்றைக்கு நான் எத்தனை சட்டை தேய்த்தேன் என்று ஒருவரும் எண்ணவில்லை.

போகட்டும். உன் பள்ளிக்கூடத்தில் ஜிம்முக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாநிலக் கோப்பை வாங்கிய வருஷம் நீயும் வெண்டலும் தோளில் கை போட்டு எடுத்த படம் இருந்ததே, அதை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். உன்னை வெட்டிவிட்டார்கள். வெண்டலின் தோளில் இருந்த உன் விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை, அவன் சட்டையோடு ஒட்டிக் கிடக்கின்றன. யாருடைய கை என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். "பக்கத்துல யாரோ நின்னிருக்காங்க" என்று டீச்சர் சொன்னாள். நான் திருத்தவில்லை.

இன்னொன்று. பலகையை நிரப்பப் போகிறார்கள். இவர்கள் எட்டு வருஷம் பொறுத்ததே அதிகம். போன சனிக்கிழமை இதே பேச்சு.

"செத்தவன் பேர எழுதிருவோம்," என்றான் எமெட். "வெண்டல் ஜெயிச்சான்னு போடு. நியூயார்க். முடிஞ்சுது."

"ஆல்வின் கடுதாசில நல்லாத்தானேடா பேசியிருக்கான்?" என்றான் ஹோசியா.

"கடுதாசில யாரு வேணா பேசலாம். அன்னிக்கு வாயடைச்சுப் போயித்தான் அந்தப் பய துப்பாக்கிய எடுத்தான். தோத்தவன் வேற என்ன செய்வான்? டூமார்ஸ்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்ல, பாவம், பதில் கிடைச்சிருக்காது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆல்வின். என் மகனை வாதத்தில் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஈஸ்டர் கழிந்த வாரமே எழுதியிருக்க வேண்டியது, ஹோசியா மட்டும் உன்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறான். அடுத்த மாதக் கடைசியில் வெண்டலின் பிறந்த நாளுக்கு அவன் பெயரை எழுதிவிடலாம் என்று இருக்கிறோம். உனக்கு ஆட்சேபம் இருக்காதே?

அன்புடன்,
ஆர்டெல்லா அம்மா


சிறை
1999 மே 2

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். பலகையில் அவன் பெயரை எழுத விடாதீர்கள்.

எமெட் அன்றைக்கு அந்தத் தெருவிலேயே இல்லை. அவனுக்கு என்ன தெரியும்? வாயடைத்துப் போனேனாம்! நான் பேசப் பேச வெண்டலுக்குத்தான் பதில் இல்லை. நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டூமார்ஸின் தகப்பன் கதையைச் சொன்னேன், அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிகாகோவைச் சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை. கடையின் சட்டம் என்ன? ஹோசியாவைக் கேளுங்கள். வாதம் நடக்கும்போது எவன் முதலில் எழுந்து தொப்பியை எடுக்கிறானோ அவன் தோற்றவன். பேசித் தோற்றாலும் சரி, பேசாமல் தோற்றாலும் சரி, தொப்பிதான் கணக்கு. சின்ன வயதிலிருந்து அந்தச் சட்டம்.

அவன்தான் எழுந்தான். ஆணியில் கோட்டுக்கு மேல் மாட்டியிருந்த தொப்பியைத்தான் எடுத்தான். கையில் எடுத்தே விட்டான். என் கண்ணால் பார்த்தேன், அம்மா, இதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். "சரிடா, நீயே ஜெயிச்ச. டூமார்ஸே பெரியவன், போதுமா? வீட்டுக்குப் போறேன், அம்மா காத்துக்கிட்டு இருப்பா" என்று சொன்னான். வாயால் வேறு சொன்னான்! சொல்லிவிட்டுச் சிரித்தான், குழந்தை கையில் மிட்டாய் கொடுக்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை விட்டால் அது முழுக்க நியாயமான வெற்றி.

பலகையில் என் பெயர்தான் வர வேண்டும். எல்லாமே எனக்கு இல்லாமல் போய்விட்டது, அம்மா. இதையாவது அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹோசியாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆல்வின்


டெட்ராய்ட்
1999 மே 30

ஆல்வின்,

படித்துக் காட்டினேன்.

எமெட்டிடம் கொடுக்கவில்லை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். மெதுவாகத்தான் வந்தது. தொப்பி வந்த இடத்தில் ஹோசியா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா, மறுபடி படிங்க," என்றான்.

படித்தேன்.

"கையில எடுத்தே விட்டான்னு எழுதியிருக்கானா?"

"எழுதியிருக்கான்."

"கண்ணால பாத்தேன்னு?"

"ஆமாப்பா."

எமெட் சோப்பு நுரையோடு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

என் மகனின் கை எதற்குப் போனது என்று அக்டோபரில் கேட்டேன், நீ புகை என்றாய். புகைக்குள் தொப்பி இருந்திருக்கிறது. அது தொப்பி என்றும் உனக்குத் தெரியும், அந்தத் தொப்பிக்கு அந்தக் கடையில் என்ன அர்த்தம் என்றும் உனக்குத் தெரியும். பயந்தவன் அதையெல்லாம் பார்த்திருக்க மாட்டான். நீ ஜெயித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் சிரித்தபடி கொடுத்த வெற்றி உனக்குப் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பந்து விளையாட்டு எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாயா? குளிர்காலம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து, வியர்த்து ஓடும் அந்நியப் பிள்ளைகளைப் பார்த்தேன். அதில் ஒவ்வொருவனும் நடமாடுகிறானே என்று வயிறு எரிந்தது. கீழே 'அம்மா' என்று கையெழுத்துப் போட்ட நாளெல்லாம் கையைக் கழுவினேன். பலகையில் வெண்டல் பெயரை எழுதலாம் என்று எமெட் தானாகச் சொல்லவில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன். உனக்குப் பொறுக்காது என்று தெரியும். ஏழு வயதில் என் அடுப்படியில் ரொட்டித் துண்டை வெண்டலின் துண்டோடு அளந்து பார்த்துத் தின்றவன் நீ.

சர்ச்சில் போன ஞாயிறு நான் எழுந்து நின்று உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் படித்தேன். பின் வரிசைக்காரிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். இனி என் மகன் எதையோ வைத்திருந்தான் என்று ஒருத்தியும் பேச மாட்டாள். சண்டை வேண்டாம் என்று தோற்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினவன் அவன். அம்மா காத்திருப்பாள் என்றானாமே. அன்றைக்கு நான் காத்திருக்கக்கூட இல்லை, ஷிப்டில் இருந்தேன். அந்த வரியை எழுதிக் கொடுத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.

டூமார்ஸ் இந்த மாதத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டானாம். டிவியில் காட்டினார்கள். நல்ல மனிதன் போலத்தான் இருக்கிறான். இவ்வளவு நாள் உன் வாயில் அவன் பெயர் இருந்ததற்கு அவனுக்காக வருத்தப்பட்டேன்.

பரோல் குழுவுக்கு நான் நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று கேட்டாய். எனக்கு எழுத்து மெதுவாக வரும் என்று சொன்னேனே. நல்ல வேளை, நீயே எழுதிவிட்டாய். ஜூன் விசாரணைக்கு ஹோசியா வண்டியில் வருகிறேன். செத்தவனின் தாய் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேச ஒன்றும் இல்லை, உன் மே மாதக் கடிதத்தைப் படிப்பேன். நீ எதிரில் உட்கார்ந்திருப்பாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், நேரமாகும். யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது.

நேற்று வெண்டலின் பிறந்த நாள். பலகையை நிரப்பினோம். சட்டம் சட்டம்தான் என்று ஹோசியா சொல்லிவிட்டான். முதலில் தொப்பியை எடுத்தவன் என் மகன். நாள் முழுக்கக் கத்தி பிடித்ததில் ஹோசியாவுக்கு விரல் மடங்கவில்லை, சாக்கட்டியை நான்தான் பிடித்து எழுதினேன். என் கையெழுத்து கோணல், ஆனால் பெரிதாக இருக்கிறது, கடைக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும். இனிமேல் அதை அழிக்க மாட்டார்கள். அந்தப் பலகையில் வேறு எவன் பெயரும் ஏறாது, எமெட்டும் கேட்க மாட்டான்.

ஆல்வின் என்று எழுதினேன். முன்னால் யார் பெயரும் இல்லை. பின்னாலும் இல்லை.

வெண்டலின் அம்மா